சிவப்புக் காரும் துடைப்ப வாரமும்

ஜனவரி முதல் தேதி காலை, வெண்ணெய் தடவிய பிரெட்செல் ரொட்டி பாதி வாயில் இருக்கும்போதே நான் ஒரு சபதம் செய்தேன். வாய் நிறைய இருக்கும்போது சபதம் செய்யக் கூடாது என்று இப்போது தெரிகிறது. என்ன பிரயோஜனம்?

"ஹைட்ருன், இனிமே நம்ம காரை எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் அனுப்பப் போறதில்ல. ஆயில், பிரேக் எல்லாம் நானே பார்க்கப் போறேன். என் கையாலயே."

என் மனைவி ஹைட்ருன் என் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கையைப் பார்த்தாள்.

"இந்தக் கையாலயா?"

"ஏன், இந்தக் கைக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு யாரு சொன்னா? போன மாசம் குளியலறையில பல்பு மாத்தி, மூணு மாடிக்கும் கரெண்டு போச்சே, அந்தக் கைதானான்னு கேட்டேன்."

நான் எக்கார்ட் ஹேஃபலே. வயது ஐம்பத்தெட்டு. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் நகராட்சியில், கழிவு நீர்ப் பிரிவில் இருபத்தொன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். வீட்டு வாசலில் காரைக் கழுவினால் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து அபராதத்தில் முடியும் கடிதம் ஒன்று வருமே, அதை எழுதுவது நான்தான். ஊரில் எனக்கு நண்பர்கள் குறைவு.

எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் என் சிவப்புக் கார். நானூறு குதிரைச் சக்தி. இரண்டே சீட். அதன் நம்பர் பிளேட்டின் ஓரத்தில் நாலு, பத்து என்று இரண்டு எண்கள் இருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் ரோட்டில் ஓடலாம் என்று அர்த்தம். மற்ற ஐந்து மாசமும் கேரேஜுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். நான் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். ஹைட்ருன் அதற்குச் 'சின்ன வீடு' என்று பேர் வைத்திருக்கிறாள்.

சபதத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வேகக்கார் சங்கம் வருஷா வருஷம் ஏப்ரல் முதல் சனிக்கிழமையன்று வரிசையாக எங்கள் ஊர்ப் பக்கத்து ஆல்ப் மலைமேல் ஏறும். தன் காரைத் தானே சர்வீஸ் செய்கிறவர்கள் வரிசையில் முன்னால். சர்வீஸ் புத்தகத்தில் ஒர்க்‌ஷாப் முத்திரை வைத்திருப்பவர்கள் பின்னால். எட்டு வருஷமாக நான்தான் வால். முன்னால் பதினான்கு கார். பதினான்கு காரின் புகையும் என் மூக்கில்தான். மலைமேல் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால், பருப்புக் குழம்புகூடப் பெட்ரோல் வாசனை அடிக்கும்.

இந்த வருஷம் சங்கத் தலைவர் ட்ரௌகோட்டுக்கு இடுப்பில் ஆபரேஷன். முதலிடம் காலி. "புத்தகத்துல சொந்தக் கையெழுத்து இருந்தா முதலிடம் உனக்குத்தான் எக்கார்ட்" என்று அவரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

"சரி, நீயே செய்" என்றாள் ஹைட்ருன். "ஆனா நானும் ஒண்ணு கேக்கறேன். எட்டு வருஷமா அந்தக் காரு இங்க நிக்குது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்கு ஓட்டக் குடுத்திருக்கியா?"

"அது நானூறு குதிரை, ஹைட்ருன்!"

"முப்பது வருஷமா உன்னை ஓட்டறேன். குதிரையெல்லாம் ஒரு பெரிய விஷயமா?"

"விளையாடாத. யாரு ஒரு காரைப் பராமரிக்கிறாங்களோ அவங்கதான் அதை ஓட்டணும். அதுதான் நியாயம்."

"அப்படியா?" என்றாள் மெதுவாக.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஹைட்ருன் மெதுவாக 'அப்படியா' என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் தோற்றிருக்கிறேன். அந்தச் சோபாவை வாங்கியபோதும் அப்படித்தான், நாய் வேண்டாம் என்று நான் முடிவெடுத்து நாய் வந்தபோதும் அப்படித்தான். புத்தி வந்ததா? இல்லை.

"எழுதிக் குடு" என்றாள்.

எழுதிக் கொடு என்றால் அரசாங்க ஊழியனுக்குக் கை பரபரக்கும். உடனே உட்கார்ந்து எழுதினேன். ஒன்று: காரைப் பராமரிப்பவரே காரை ஓட்டுவார். இரண்டு: பராமரிக்காதவர் துடைப்ப வாரத்தை ஏற்றுக்கொள்வார்.

துடைப்ப வாரம் என்பது எங்கள் சீமையில் மதத்துக்கு அடுத்தபடி. சில வீடுகளில் மதத்துக்கு முந்தின படி. எங்கள் கட்டடத்தில் ஆறு குடும்பம். வாரம் ஒரு வீட்டுக் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். தொங்கினால் அந்த வாரம் மாடிப்படி, முற்றம், தெருவோர நடைபாதை எல்லாவற்றையும் அந்த வீட்டுக்காரர் பெருக்கித் துடைக்க வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்குள் முடிக்க வேண்டும். எங்கள் முறை வரும்போதெல்லாம் ஹைட்ருன்தான் செய்வாள். எனக்குத்தான் கார் இருக்கிறதே!

"சந்தேகம் வந்தா?" என்று கேட்டாள் ஹைட்ருன், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

"அதானே!" என்று நான் மூன்றாவது விதியையும் எழுதினேன். சர்வீஸ் புத்தகத்தில் முதலில் உள்ள கையெழுத்தே செல்லும்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு பைட்டிங்கர் அம்மா. எழுபத்தொரு வயது. தனிக்கட்டை. ஒரு சிரிப்பை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"ஹேஃபலே சார், இன்னிக்கு லீவு நாள். உங்க குரல் என் வீட்டுக் கண்ணாடி அலமாரி வரைக்கும் கேக்குது."

"மன்னிக்கணும் அம்மா."

"வந்ததுதான் வந்தீங்க, இதுல சாட்சிக் கையெழுத்துப் போட்டுடுங்களேன்" என்று ஹைட்ருன் காகிதத்தை நீட்டினாள்.

பைட்டிங்கர் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். என் கையைப் பார்த்தார். இந்தப் பெண்களுக்கு என் கையில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஆபீஸில் அதை லாமினேட் செய்து கொண்டுவந்து கேரேஜ் கதவில் மாட்டினேன். மழை பட்டால் அழியக் கூடாது பாருங்கள்.

சபதம் செய்வது சுலபம். காருக்கடியில் படுப்பது கஷ்டம். அதைவிடக் கஷ்டம், அதற்கு நேரம் கண்டுபிடிப்பது. வார நாளில் ஆபீஸ் விட்டு வந்து சாப்பிட்டு முடித்தால் மணி எட்டு, எட்டுக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிறு முழுக்கக் கூடாது. சனிக்கிழமை காலையில் யாராவது முற்றத்தைப் பெருக்குவார்கள், அப்போது கேரேஜ் கதவைத் திறந்து வைக்கக் கூடாது. பன்னிரண்டரை முதல் மூன்று வரை மதிய ஓய்வு. நாலு மணிக்குக் காபியும் கேக்கும். ஆக வாரத்துக்கு ஒரு மணி நேரம். இந்த விதிகளில் பாதியை நகராட்சித் தாளில் டைப் அடித்தவன் நான். யாரை நோவது?

பிப்ரவரி முதல் சனிக்கிழமை, மணி மூன்று. என் கார் எவ்வளவு தாழ்வு என்றால் ஜாக்கியே அடியில் நுழையவில்லை. இரண்டு பலகைகளைப் போட்டுத் தள்ளி ஏற்றுவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. குனிந்து பார்த்தால் எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய மூடி. அதற்கு இருபத்திரண்டு ஸ்க்ரூ. இருபத்தொன்று வந்தது. இருபத்திரண்டாவது வரவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், முதுகு பிடித்துக்கொண்டது.

மேலேயிருந்து ஒரு குரல். பால்கனியில் பைட்டிங்கர் அம்மா, கம்பளி போர்த்திக்கொண்டு.

"ஹேஃபலே சார்."

"மணி இன்னும் நாலு ஆகலையே அம்மா!"

"மணியைச் சொல்லல. எந்தப் பக்கம் திருப்பறீங்க?"

"எல்லாப் பக்கமும்தான்."

"அது சரி" என்று உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரி ஹைட்ருன் என் முதுகில் தைலம் தேய்த்தாள். "விட்டுடேன் எக்கார்ட். என்கிட்ட குடு, நான் பார்க்கறேன்" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் தைல பாட்டில் கீழே விழுந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆனால் பாருங்கள், அடுத்த சனிக்கிழமை அதே ஸ்க்ரூவில் விரலை வைத்தேன், கழன்று கையில் வந்துவிட்டது! வெண்ணெயில் செருகி வைத்த மாதிரி!

"ஹைட்ருன்! வந்து பாரு! போன வாரம் நான் குடுத்த அழுத்தம் வாரம் பூரா வேலை செஞ்சிருக்கு!"

"கைராசி" என்றாள் ஹைட்ருன். சொல்லிவிட்டு ஏனோ திரும்பி நின்று இருமினாள்.

அடுத்தது ஆயில். பழைய ஆயிலை இறக்க எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் சட்டப்படி குற்றம். கடிதம் வரும். எழுதுவது யார்? நானே. எனக்கு நானே 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதிக்கொள்வதா? யோசித்தேன். வீட்டிலிருந்த இரண்டு சுடுதண்ணீர்ப் பைகளையும் நிரப்பி எஞ்சினின் அடிவயிற்றில் கட்டினேன்.

ஹைட்ருன் கேரேஜ் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அது என் பைதானே?"

"ஒரு மணி நேரம்தான்."

"போன வாரம் எனக்கு இடுப்பு வலின்னப்போ பை எங்கன்னு தெரியலைன்னே. சின்ன வீட்டுக்கு மட்டும் வயித்துல ஒத்தடமா! நல்லா இருக்குய்யா உன் குடித்தனம்!"

நான் காருக்கடியில் நுழைந்து ஆயில் திருகைக் கழற்றினேன். கொட்டியது பாருங்கள் ஆயில்! தேன்! சுத்தமான தேன் நிறம்! ஒரு வருஷம் ஓடின ஆயில் கரிக்கட்டையாக இருக்கும் என்பார்கள். என் காரில் ஒரு தூசு இல்லை.

"பார்த்தியா? இதுதான் ஓட்டற விதம்ங்கறது! எஞ்சினை நோகாம வச்சிருந்தா ஆயில் எப்படி இருக்கும்னு பாரு!"

ஹைட்ருன் ஆயில் இறங்கிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது லிட்டர். சாவு வீட்டில் நிற்பவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் எப்போது வந்தாரோ, பைட்டிங்கர் அம்மாவும் நின்றிருந்தார். அவர் உதடு முணுமுணுத்தது. ஜெபம் என்று நினைத்தேன்.

"கொட்டிடாத" என்றாள் ஹைட்ருன் அவசரமாக. "நான்... நான் கொண்டுபோய்க் குடுக்கற இடத்துல குடுத்துடறேன்."

நல்ல மனைவி என்று நினைத்துக்கொண்டு புது ஆயிலை ஊற்றினேன். ஃபில்டர் வாங்கி வைத்த அட்டைப்பெட்டியை அலமாரியில் பார்த்தேன். நாலு மணி ஆகிவிட்டது. காபி. அப்புறம் மறந்துவிட்டேன். மறந்தது எனக்கே தெரியாது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச்சில் சக்கரங்களைக் கழற்றி பிரேக் கட்டைகளைப் பார்த்தேன். தேய்ந்து போயிருக்கும், மாற்றலாம் என்று புதுசு வாங்கி வைத்திருந்தேன். பார்த்தால் நாலு சக்கரத்திலும் கட்டைகள் கொழுகொழுவென்று இருக்கின்றன!

"எட்டு வருஷம் ஓட்டியும் தேயவே இல்ல ஹைட்ருன்! நான் காலால பிரேக் போடறவன் இல்ல, மூளையால போடறவன்!"

"ஆமாமா. உன் மூளையும் அப்படியேதான் இருக்கு. கொஞ்சங்கூடத் தேயல" என்றாள்.

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். வாங்கின கட்டைகளை அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைத்தேன்.

அந்த நாட்களில் வீட்டில் இரண்டு விசித்திரம். ஒன்று, ஹைட்ருனின் விரல் நுனியெல்லாம் கருப்பு. கேட்டால் "சிவப்பு முட்டைக்கோஸ் நறுக்கினேன்" என்பாள். அதற்குச் சாட்சியாக ராத்திரி தட்டில் சிவப்பு முட்டைக்கோஸ் வரும். பிப்ரவரியில் மட்டும் பதினோரு நாள் சிவப்பு முட்டைக்கோஸ் தின்றேன். என் வயிறு போட்ட சத்தத்துக்குப் பைட்டிங்கர் அம்மா புகார் கொடுக்காததே ஆச்சரியம்.

இரண்டாவது விசித்திரம் இன்னும் பெரிது. ஒரு நாள் மாடிப்படியில் பைட்டிங்கர் அம்மா ஹைட்ருனைப் பார்த்து, "செவ்வாக்கிழமை வரியா நீ?" என்று கேட்டார்.

நீ! இருபத்திரண்டு வருஷம் ஒரே கட்டடத்தில் 'நீங்க, வாங்க, போங்க' என்று இருந்த மனுஷி! எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டாரோடு 'நீ'க்கு வருவதற்குள் ஒரு ஆயுள் முடிந்துவிடும். சில பேர் கல்லறையில்தான் வருவார்கள்.

"என்ன ஹைட்ருன், அவங்க உன்னை நீங்கறாங்க?"

"செவ்வாக்கிழமைதோறும் சேர்ந்து பிஸ்கட் செய்யறோம்."

"செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையா? ஒரு பிஸ்கட்கூட நான் பார்க்கலையே?"

"தீஞ்சு போச்சு."

நம்பினேன். இரண்டு மாசம் பிஸ்கட் தீய்ந்துகொண்டே இருந்தது. நான் நம்பிக்கொண்டே இருந்தேன். ஆபீஸ் களைப்பு, முதுகு வலி, கோஸ் வேறு. சந்தேகப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே ஐயா.

ஏப்ரல் முதல் தேதி சனிக்கிழமை. ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும். எட்டரைக்கே தோல் ஜாக்கெட் போட்டு, தலை வாரி, தயாராகிவிட்டேன். எல்லா வேலையும் முடிந்த பிறகே கையெழுத்து என்பது என் ஆபீஸ் பழக்கம். நல்ல பேனாவை எடுத்துக்கொண்டு கேரேஜுக்குப் போய், காரின் பெட்டியிலிருந்த சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தேன்.

பக்கம் காலியாக இல்லை.

'ஆயில், ஃபில்டர் மாற்றம். பிப்ரவரி 14. ஹைட்ருன் ஹேஃபலே. பிரேக் கட்டைகள், நான்கு சக்கரமும். பிப்ரவரி 28. ஹைட்ருன் ஹேஃபலே. பார்வையிட்டவர்: வ. பைட்டிங்கர்.'

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏப்ரல் முதல் தேதி! "ஏமாத்தப் பார்க்கறியா ஹைட்ருன்? நல்ல வேடிக்கை! இப்பப் புத்தகம் பாழாப்போச்சு, வேற வாங்கணும்!"

ஹைட்ருன் கேரேஜ் வாசலில் நின்றாள். தலையில் ஸ்கார்ஃப். கையில் கையுறை. என் கையுறை.

"வேடிக்கை இல்ல எக்கார்ட். அந்த ஸ்க்ரூ தானா கழண்டுதுன்னா நெனச்சே? மூணு செவ்வாக்கிழமை எண்ணெய் விட்டு ஊற வச்சு நான் கழட்டினது."

"பொய்! ஒரு சனிக்கிழமை வராதது அடுத்த சனிக்கிழமையே வந்துடுச்சே, நடுவுல ஏது மூணு செவ்வாக்கிழமை?"

"சரி, ஒரு செவ்வாக்கிழமை. மிச்சம் ரெண்டு, நீ ஜாக்கிக்காகக் கோணலாப் போட்ட பலகையை நிமித்தறதுக்குப் போச்சு."

"பிரேக்கு?"

"உன் மூளைதான் தேயாது. கட்டை தேயும். நான் மாத்தினேன்."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

பைட்டிங்கர் அம்மா மெதுவாக முன்னால் வந்தார். அவரும் ஸ்கார்ஃப் கட்டியிருந்தார். கையில் சாப்பாட்டுக் கூடை.

"முப்பத்திரண்டு வருஷம் கார் ஃபேக்டரியில எஞ்சின் பூட்டற பகுதியில வேலை பார்த்தேன் ஹேஃபலே சார். நீங்க கேட்டதே இல்லையே."

உண்மைதான். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவரிடம் கேட்டது மணி என்ன என்று மட்டும்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை. முதலிடம் போய்க்கொண்டிருந்தது.

"இரு, இரு! ஆயில் நானும் மாத்தினேன்! நீ பார்த்தே! பக்கத்துல நின்னு பார்த்தே!"

"பார்த்தேன்" என்றாள் ஹைட்ருன். "நான் ஊத்தி நாலே நாள் ஆன ஒன்பது லிட்டர் புது ஆயிலை நீ இறக்கினதைப் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல."

"அதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்னியே?"

"கொடுத்தா. எனக்குத்தான்" என்றார் பைட்டிங்கர் அம்மா. "என் சின்னக் காருல ஓடுது. மிச்சம் டப்பாவுல இருக்கு. நல்ல ஆயில்."

"சரி, நான் மாத்தினது மாத்தினதுதானே? அதுவும் பராமரிப்புதானே?"

"ஃபில்டரை எங்க மாட்டினே?" என்று கேட்டாள் ஹைட்ருன்.

நான் அலமாரியைப் பார்த்தேன். அட்டைப்பெட்டி அங்கேயே இருந்தது. எடுத்தேன். காலி. நான் ஆயில் மாற்றிய அன்றே காலி; அதிலிருந்த ஃபில்டரை அவள் நாலு நாள் முன்பே காரில் மாட்டியிருந்தாள்.

"சொல்லியிருக்கலாமே ஹைட்ருன்!"

"சொன்னேனே. என்கிட்ட குடு, நான் பார்க்கறேன்னு. நீ சிரிச்சே. தைலம் கொட்டிச்சு." "எட்டு வருஷம் எக்கார்ட். ஒரு தடவைகூட சாவியை என் கையில குடுத்ததில்ல. பிடிச்சுப் பார்க்கறேன்னு கேட்டப்போகூட."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"இன்ஷூரன்ஸ்! அதுல என் பேரு மட்டும்தான் இருக்கு!"

"ஜனவரியிலயே என் பேரைச் சேர்த்தாச்சு. நீதான் கையெழுத்துப் போட்டே. பிரெட்செல் தின்னுக்கிட்டே."

"ட்ரௌகோட் ஒத்துக்க மாட்டார்!"

"நேத்து போன் பண்ணினேன். புத்தகத்துல ஹேஃபலேன்னு சொந்தக் கையெழுத்து இருக்கான்னு கேட்டார். இருக்குன்னேன். அப்ப முதலிடம் ஹேஃபலேவுக்குன்னுட்டார்."

கேரேஜ் கதவில் என் லாமினேட் பளபளத்தது. மூன்று மாச மழை, பனி, ஒரு எழுத்து அழியவில்லை. காரைப் பராமரிப்பவரே காரை ஓட்டுவார். முதலில் உள்ள கையெழுத்தே செல்லும். எவ்வளவு தெளிவான நடை! ஆபீஸில் இப்படி ஒரு கடிதம் வந்தால் நானே எழுதியவனைக் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன்.

சாவியைக் கொடுத்தேன். பக்கத்து சீட்டிலாவது உட்காரலாம் என்று சுற்றிப் போனால், அதில் பைட்டிங்கர் அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டே சீட் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?

கார் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. என்னைவிட அழகாகத்தான் எடுத்தாள், சொல்லத்தான் வேண்டும். முற்றத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணத்தன்று பார்த்தது.

"பலகை இந்த வாரம் நம்ம கதவுல தொங்குது எக்கார்ட். ரெண்டாவது விதி. நாலு மணிக்குள்ள."

"ம்."

"கேரேஜ் வாசல்ல ஒரு ஆயில் கறை இருக்கு பாரு. நீ திருகைச் சரியா முடுக்காம விட்டு ஒழுகினது. நாங்கதான் அப்புறம் முடுக்கினோம். அதுமேல மணலைப் போட்டுத் தேய். இந்தக் காருல முழுக்க முழுக்க உன் கையாலயே ஆன வேலை அது ஒண்ணுதான்."

"ஹேஃபலே சார்" என்று இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார் பைட்டிங்கர் அம்மா. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். "பன்னிரண்டரைக்கு மேல பெருக்காதீங்க. மதிய ஓய்வு."

நானூறு குதிரையும் ஒரே மூச்சில் கிளம்பின. துடைப்பத்தைப் பிடித்தபடி முற்றத்தின் நடுவில் நின்றேன். எட்டு வருஷமாக ஊரான் கார்ப் புகையைக் குடித்தவன், அன்றுதான் முதன்முதலாகச் சொந்தக் கார்ப் புகையைக் குடித்தேன்.